முதுமலையா, இரவிகுளமா: திருப்பூரிலிருந்து கூடாரத்தோடு ஒரு கோடைப் பயணம்

இந்த மே மாதப் பயணத்துக்கு எங்கள் வீட்டில் இரண்டு பெயர்கள்தான் அடிபட்டன: ஊட்டி வழியாக முதுமலை புலிகள் காப்பகம், உடுமலை வழியாகக் கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்கா. நான் இரவிகுளத்தின் பக்கம் நின்றேன். போய் வந்த பிறகும் அங்கேயேதான் நிற்கிறேன்.

யானை பார்க்க வேண்டுமானால் முதுமலை, வரையாடு பார்க்க வேண்டுமானால் இரவிகுளம். இதில் வாதத்துக்கு இடமில்லை. ஆடுகள் குட்டி போடும் காலத்தில் இரவிகுளம் மூடப்பட்டுப் பிறகு திறக்கப்படுவதால், கோடையில் போகிறவர்களுக்குத் தாயின் காலடியில் துள்ளும் குட்டிகளும் காணக் கிடைக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது பாதைதான். நீலகிரிக்கு 2024 மே முதல் கட்டாயமாகிவிட்ட இ-பாஸையும், குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்லும் சீசன் கால ஒருவழி ஏற்பாட்டையும் சமாளித்துவிடலாம்; ஆனால் முதுமலைக்குப் போகிறவர் 2,200 மீட்டர் உயரமுள்ள ஊட்டிக்கு ஏறி, மறுபக்கம் 1,000 மீட்டருக்கும் மேல் இறங்கி, ஊர் திரும்பும்போது அதே மலையை மறுபடியும் ஏறி இறங்கியாக வேண்டும். ஊட்டியிலிருந்து முதுமலையை ஒட்டிய மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை என்பதால் மூன்று வருடங்களுக்கு முன் கூடலூர் சாலையில் இறங்கினோம். நடுவட்டம் தாண்டியதும் கருகிய வாடை வந்தது.

"ஏஞ்சாமி, டயரு கருகுதா?" என்றார் பின்னால் இருந்த அப்புச்சி, அம்மாவின் அப்பா.

"இல்லீங் அப்புச்சி, பிரேக்குங்."

இரண்டாவது கியரிலேயே இறங்காதது என் பிழைதான். அரை மணி நேரம் ஓரங்கட்டி நின்றோம். சத்தியமங்கலத்துக்கு மேலே உள்ள திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் கர்நாடகத்தின் பந்திப்பூர் வழியாகவும் முதுமலைக்குப் போகலாம். இரவு 9 மணிக்குப் பந்திப்பூர்ச் சாலையை அடைத்துவிடுவார்கள் என்பதால் கடிகாரத்தைப் பார்த்தே ஓட்ட வேண்டும்.

இரவிகுளத்துக்கு அமராவதி, சின்னாறு, மறையூர் என்று போகப்போக ஏற்றம். வரும்போது ஒரே இறக்கம். பூங்காவுக்குள் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை, வனத்துறைப் பேருந்தில்தான் போக வேண்டும் என்பது குறைதான். கூடாரத்தையும் காட்டுக்குள் அடிக்க முடியாது. மறையூருக்கு மேலே உள்ள காந்தளூரில் ஒரு பூண்டுத் தோட்டத்து ஓரத்தில் அடித்தோம், மே மாதத்திலும் விடியற்காலையில் போர்வை போதவில்லை. மசினகுடியில் நான் தங்கியது ஒரே ஓர் இரவு, அதுவும் விடுதி அறையில். ஆகவே அங்கே கூடாரம் எப்படியிருக்கும் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

இந்த முறை மறையூரிலிருந்து இறங்கும்போது அப்புச்சி நன்றாகத் தூங்கிவிட்டார். அமராவதி அருகே இளநீருக்காக நிறுத்தியபோதுதான் விழித்தார்.