வெளிநாட்டில் கூடைப்பந்து ஆடப் போகிற தம்பிமாருக்கு: அந்தக் கடைசித் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

ரொறன்ரோவில் எங்கள் பொடியன்கள் இரண்டு மூன்று பேர் இந்த வருடம் ஐரோப்பாவில் ஆட முகவர் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். 2022 இல் ஸ்லோவாக்கியாவில் ஒரு இரண்டாம் பிரிவுக் கழகத்துக்கு ஆடப் போய், மூன்று மாதத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தவன் நான். கழகத்தின் பெயரையும் முகவரின் பெயரையும் இங்கே போட முடியாது. ஏன் என்பது கடைசியில் விளங்கும்.

நான் ஒன்றும் தெரியாமல் போனவன் என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்த பிறகு ஜெர்மனியில் ஒரு பருவம் ரெகியோனாலிகாவில் ஆடினேன். அங்கே அது நாலாம் மட்டம். மாதம் 600 யூரோ, ஒரு அறை, பிரேக் சரியாகப் பிடிக்காத ஒரு சைக்கிள். ஆனால் ஒன்றாம் திகதி என்றால் ஒன்றாம் திகதி காசு வங்கியில் கிடக்கும். கோவிட் வந்து 2020 மார்ச்சோடு எல்லாம் நின்றது. அப்புறம் அயர்லாந்தில் ஒரு பருவம். அங்கே கழகம் படிப்புக் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டது, கைச்செலவுக்குக் கொஞ்சம் தந்தது. இரண்டு இடத்திலும் யாரும் ஏமாற்றவில்லை. அந்தத் துணிவுதான் என்னைக் கெடுத்தது.

2022 கோடையில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கென்றே கனேடிய எலீட் கூடைப்பந்து லீக்கில் புது அணி வந்தது. எனக்கு இடம் கிடைக்கவில்லை. ராப் பாடகர் ஜே. கோல் அந்த அணிக்கு ஆடியதைப் பார்வையாளர் வரிசையில் இருந்து பார்த்தேன். மனுசன் மோசமில்லை, ஆனாலும் வயிறு எரிந்தது. அந்த வாரம்தான் இன்ஸ்டகிராமில் முகவர் வந்தார். சிம் புல்லரைப் பற்றித்தான் முதலில் கதைத்தார். ரொறன்ரோவில் பிறந்த பஞ்சாபிப் பொடியன், 2015 இல் என்பிஏ அணியான சாக்ரமென்டோ கிங்ஸுக்கு ஆடினான், அப்புறம் தாய்வானில் நல்ல காசு பார்த்தான், உனக்கும் ஒரு வழி இருக்கிறது என்றார். புல்லர் 7 அடி 5 அங்குலம். நான் 6 அடி 3. அந்தக் கணக்கு அன்றைக்கு எனக்கு ஓடவில்லை.

பதிவுச் செலவு என்று 1,500 அமெரிக்க டொலர் கேட்டார். அம்மா சீட்டுக் காசை எடுத்துத் தந்தார். அப்பா 1990களில் ஏஜென்சிக்குக் காசு கட்டி, மொஸ்கோவில் மாதக்கணக்கில் ஒரு அறைக்குள் அடைபட்டுக் கிடந்து கனடா வந்தவர். அவர் ஒன்றுதான் கேட்டார்: “நாங்கள் உயிர் தப்ப ஏஜென்சிக்குக் காசு கட்டினம். நீ பந்து விளையாடவும் கட்டப்போறியோ?” சிரித்துவிட்டுப் போனேன். ஐரோப்பாவில் முகவருக்கான கூலியைப் பெரும்பாலும் கழகமே கொடுக்கும், வழமையாகச் சம்பளத்தில் பத்து வீதம். ஆட்டக்காரனிடம் முன்கூட்டியே காசு கேட்பவரிடம் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் (FIBA) லைசென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் உள்ள முகவர்களின் பட்டியல் ஃபீபாவின் இணையத்தளத்திலேயே இருக்கிறது. நான் தேடியது திரும்பி வந்த பிறகு. அவர் பெயர் அதில் இல்லை.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மின்னஞ்சலில் வந்தது. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எட்டு மாதம், வரி போக மாதம் 1,400 யூரோ, வீடு, மதியச் சாப்பாடு, போக வர ரிக்கற். தகராறு வந்தால் ஃபீபாவின் கூடைப்பந்து நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்ற வரியும் இருந்தது. நல்ல ஒப்பந்தம்.

ஓகஸ்ட் 24 அன்று வியன்னாவில் இறங்கினேன். கடவுச்சீட்டில் முத்திரை. அங்கிருந்து பிராட்டிஸ்லாவா தாண்டி இன்னும் இரண்டரை மணி நேரம் காரில். காரை ஓட்டி வந்தவர்தான் கழகத்தின் மனேஜர். நேரே ஒரு பாடசாலை உள்ளரங்குக்குக் கொண்டுபோய், ஸ்கோர் எழுதுகிற மேசையில் ஒரு தாளை வைத்தார். முழுக்க ஸ்லோவாக்கிய மொழி. சம்மேளனத்தில் பதிவு செய்யத்தான், வெறும் சம்பிரதாயம் என்றார். பேனையையும் அவரே நீட்டினார். பதினாறு மணி நேரம் நித்திரை இல்லை. போட்டுவிட்டேன்.

செப்டம்பர்ச் சம்பளம் கடித உறையில் முழுதாக வந்தது. ஒக்டோபரில் 600. நவம்பரில் ஒன்றுமில்லை. அனுசரணையாளர் இன்னும் கட்டவில்லையாம். மதியச் சாப்பாடு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில்: செம்மறிப் பாற்கட்டி போட்டுக் குழைத்த உருளைக்கிழங்கு உருண்டைகள். ஹலுஷ்கி என்பார்கள், முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. இரவுக்கு லிடலில் கோழி வாங்கி அம்மா கட்டித் தந்த கறித்தூளில் சமைப்பேன். அந்தத் தூள் நவம்பர் நடுப்பகுதியில் முடிந்தது. வீட்டு ஹீற்றரும் அந்த வாரம்தான் நின்றது.

இதற்குள் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கனேடியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே எல்லையாக இயங்கும் ஐரோப்பிய நாடுகளில், விசா இல்லாமல் 180 நாளுக்குள் 90 நாள்தான் நிற்கலாம். வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டோம் என்று மனேஜர் ஒவ்வொரு வாரமும் சொன்னார். விண்ணப்பத்தின் பிரதியைக் கேட்டால் நாளைக்கு. எனக்கு 90ஆவது நாள் நவம்பர் 21. 19ஆம் திகதி மாலை, தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றிருந்த நேரம், அவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள். இரு தரப்பும் சம்மதித்துப் பிரிகிறோம், எல்லாக் கொடுக்கல் வாங்கலும் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. இது மட்டும் ஆங்கிலத்திலும் இருந்தது, பாருங்கள்.

கையெழுத்துப் போடாவிட்டால் விடுவிப்புக் கடிதம் கிடைக்காது, இந்தப் பருவம் வேறு எங்கும் ஆட முடியாது, நாளை மறுநாளோடு நீ சட்டவிரோதமாக நிற்பவன், பொலிஸ் வந்தால் நான் பொறுப்பில்லை என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கையெழுத்துப் போட்டேன். 200 யூரோ தந்து பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். ரிக்கற் என் காசில். எட்டு மாதத்துக்கு 11,200 யூரோ வரவேண்டிய இடத்தில் கையில் வந்தது 2,200.

ரொறன்ரோவில் ஒரு வழக்கறிஞரிடம் இரண்டு ஒப்பந்தத்தையும் அந்தக் கடைசித் தாளையும் காட்டினேன். ஸ்லோவாக்கியத் தாளில் நான் மாதம் 300 யூரோ பெறும் தன்னார்வ ஆட்டக்காரன். நடுவர் மன்றம் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு ஒப்பந்தமும் முரண்பட்டால் ஸ்லோவாக்கியத் தாளே செல்லும் என்று மட்டும் இருந்தது. அதையாவது எதிர்த்துப் பார்க்கலாம், ஆனால் எல்லாம் தீர்ந்தது என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டாயே என்றார். பெயரைப் போட்டு எழுதினால் அவர்கள்தான் என்மேல் வழக்குப் போடுவார்கள் என்றும் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு நித்திரையைக் கெடுத்தது. நாட்டை விட்டு வெளியேற அந்தக் கையெழுத்துத் தேவையே இல்லை. 90 நாள் முடிவதற்குள் விமானம் ஏறியிருந்தால் போதும். விடுவிப்புக் கடிதத்தைக் கொடுப்பது கழகம் இல்லை, அந்த நாட்டுச் சம்மேளனம். ஆட்டக்காரன் இன்னும் ஒப்பந்தத்தில் இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அதை மறுக்கலாம். சம்பளம் தராத கழகம் அப்படிச் சொன்னால் ஃபீபாவிடம் எதிர்த்து வாதாட இடம் உண்டு. நடுவர் மன்றம் 2007 இல் இருந்து இயங்குகிறது. பெரும்பாலும் எழுத்திலேயே விசாரிப்பார்கள், வீட்டில் இருந்தே வழக்கை நடத்தலாம். தீர்ப்புக்குப் பிறகும் காசு கட்டாத கழகம் புது ஆட்டக்காரரைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபீபா தடை போடும். செலவு இருக்கிறது, உண்மைதான். தொடக்கக் கட்டணம் திரும்ப வராது. கழகம் தன் பங்கு முற்பணத்தைக் கட்டாவிட்டால் அதையும் நீங்கள்தான் கட்டவேண்டும். என் 9,000 யூரோவுக்கு அது பெறுமதியா என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கதவை நானே சாத்திவிட்டேன்.

எனவே போவதாக இருந்தால், எல்லாப் பிரதியிலும் ஒரே தொகையும் நடுவர் மன்ற வரியும் இருக்கவேண்டும், ஆங்கிலப் பிரதியே செல்லும் என்றும் இருக்கவேண்டும். விளங்காத மொழியில் எது நீட்டினாலும் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துவிட்டுத் தொடுங்கள். நான் மொழிபெயர்த்தது நவம்பரில். முதல் மாதத்துக்குள் வதிவிட விண்ணப்பத்தின் பிரதி கைக்கு வராவிட்டால் மூட்டையைக் கட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், அந்தக் கழகத்தில் போன வருடம் ஆடிய வெளிநாட்டுக்காரனைத் தேடிப் பிடித்துக் கதையுங்கள். நான் திரும்பி வந்து பிடித்தேன், ஓஹாயோக்காரன். அவனுக்கும் அதே மேசை, அதே மாதிரித் தாள். “நீ ஏன் முதலே கேட்கவில்லை?” என்றான்.

என்னிடம் இரண்டு ஒப்பந்தமும் அந்தக் கடைசித் தாளும் படமாக இருக்கின்றன. யாருக்காவது இப்படி ஒரு தாள் வந்திருந்தால் தனிச் செய்தி போடுங்கள், வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரவு பத்துக்குப் பிறகு போடுங்கள், அதுவரை வேலையில் நிற்பேன்.