சட்டமும் மருத்துவமனை நிர்வாகமும் சேர்த்துப் படித்தேன்: ஐந்து வருட வேலைக்குப் பிறகு ஒரு அனுபவப் பகிர்வு

அமெரிக்காவில் ஜே.டி. என்கிற சட்டப் பட்டத்தையும் எம்.எச்.ஏ. என்கிற மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் பட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்தேன். 2016 ஆகஸ்டில் தொடங்கி 2020 மே மாதம் முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு மேலாக, லாப நோக்கமில்லாத ஒரு மருத்துவமனையில், எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் காம்ப்ளையன்ஸ் பிரிவில் இருக்கிறேன். படித்து முடித்த கையோடு இதை எழுதியிருந்தால் பாடத்திட்டத்தைப் பற்றி எழுதியிருப்பேன். எது கைகொடுத்தது, எது வெறும் பாரம் என்று வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஏன் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்புக்கு முன்னால் மூன்று வருடம் வேறொரு மருத்துவமனையின் தர மேம்பாட்டு அலுவலகத்தில் இருந்தேன். ஒரு நாள் ஒரு நோயாளிக்கு மருந்து மாறிப்போனது. எப்படி மாறியது என்று நர்ஸ்களும் மருந்தாளுநரும் நாங்களும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். இரண்டாம் நாளே சட்டப் பிரிவிலிருந்து தகவல் வந்தது: யாரும் எதையும் எழுத வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. ஒரே மாதிரி மூடி போட்ட இரண்டு மருந்துப் பெட்டிகள் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவை பல வாரம் அப்படியே இருந்தன. வக்கீல் சொன்னது சரியா, நாங்கள் செய்ய நினைத்தது சரியா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அந்தப் பதிலைத் தேடித்தான் எல்சாட் என்கிற சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வை எழுதினேன்.

அமைப்பு இதுதான். தனித்தனியாகப் படித்தால் சட்டம் மூன்று வருடம், நிர்வாகம் இரண்டு வருடம். சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் நான்கு வருடம். ஒரு பக்கத்தில் எடுக்கும் சில பாடங்கள் மறுபக்கத்திலும் கணக்கில் வருவதால் ஒரு வருடம் மிச்சம். அமெரிக்கன் பார் அசோசியேஷன் என்கிற வக்கீல்கள் சங்கத்தின் விதிப்படி சட்டப் பட்டத்துக்குக் குறைந்தது 83 கிரெடிட் வேண்டும். படிப்பு 24 மாதத்துக்குள் முடிந்துவிடக் கூடாது, 84 மாதத்தைத் தாண்டவும் கூடாது. பல இடங்களில் இரண்டு துறைக்கும் தனித்தனியாக விண்ணப்பித்துத் தனித்தனியாக இடம் வாங்க வேண்டும். நிர்வாகப் படிப்புக்கு கேமி என்கிற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் முழுக்கச் சட்டம் மட்டும். ஒப்பந்தம், டார்ட்ஸ் (ஒருவர் தவறால் இன்னொருவருக்கு நேரும் பாதிப்புக்கான இழப்பீட்டுச் சட்டம்), சொத்து, சிவில் நடைமுறை, குற்றவியல், அரசியல் சாசனம். பேராசிரியர் திடீரென்று பேரைச் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்பார். பல பாடங்களுக்கு செமஸ்டர் கடைசியில் வரும் ஒரே தேர்வுதான் மதிப்பெண், அதுவும் வகுப்பில் மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதை வைத்து. மருத்துவமனை என்ற சொல்லே அந்த வருடம் காதில் அதிகம் விழாது. இங்கேதான் பலருக்கு மனம் தளரும். எனக்கும் தளர்ந்தது. ஆனால் இன்று திரும்பிப் பார்த்தால், ஒரு வாசகத்தை அதில் உள்ளதற்கு மேலோ கீழோ படிக்காமல் படிக்கும் பழக்கம் அந்த வருடத்தில்தான் வந்தது.

இரண்டாம் வருடம் நிர்வாகத் துறைக்குப் போனபோது வேறு ஊருக்குக் குடிபோன மாதிரி இருந்தது. எல்லாமே குழு வேலை. டி.ஆர்.ஜி. முறையில், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் மருத்துவமனைக்கு எப்படிப் பணம் தருகிறது (1983-இல் வந்த முறை, நோயின் வகையை வைத்து ஒரு தொகை, எத்தனை நாள் படுத்திருந்தார் என்பதை வைத்து அல்ல), நோயாளிகளில் மெடிகேர் எவ்வளவு, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டு எவ்வளவு, தனியார் காப்பீடு எவ்வளவு என்ற கலவை ஒரு மருத்துவமனையின் வரவு செலவை எப்படித் தீர்மானிக்கிறது, அவசரப் பிரிவில் காத்திருப்பு ஏன் மாடியில் உள்ள படுக்கைகளைப் பொறுத்தது, இதெல்லாம் அங்கே கற்றது. எழுத்தும் மாற வேண்டியிருந்தது. ஒரு பிரச்சினைக்கு இருபது பக்கம் எழுதி, எல்லா ஆபத்தையும் அடுக்கி, கடைசியில் "இது சூழ்நிலையைப் பொறுத்தது" என்று முடித்தேன். பேராசிரியர் அதைத் திருப்பித் தந்து, "ஒரே பக்கம். என்ன செய்யலாம் என்று முதல் வரியில் சொல்லுங்கள்" என்றார். இன்றுவரை எனக்குச் சோறு போடுவது அந்த ஒரு பக்கம்தான்.

இரண்டு படிப்பும் ஒன்றையொன்று தொட்ட இடம் ஒரு வழக்கு. டார்லிங் எதிர் சார்ல்ஸ்டன் கம்யூனிட்டி மெமோரியல் ஹாஸ்பிடல், இல்லினாய் உச்ச நீதிமன்றம், 1965. கல்லூரி கால்பந்து ஆட்டத்தில் கால் முறிந்த 18 வயதுப் பையன். மாவுக்கட்டு இறுக்கமாகப் போடப்பட்டது. கால் விரல்கள் வீங்கின, கறுத்தன, உணர்வு போனது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவர் செய்த தவறுக்கு மருத்துவமனை பொறுப்பாகாது என்ற பழைய எண்ணத்தை இந்தத் தீர்ப்பு அசைத்தது. மருத்துவமனைக்கென்றே ஒரு கடமை உண்டு, அதன் சொந்த விதிமுறைகளையும் அங்கீகாரத் தரங்களையும் மாநில உரிம விதிகளையும் ஜூரி சாட்சியமாகப் பார்க்கலாம் என்றது.

டார்ட்ஸ் வகுப்பில் இதைக் கடமை யாருக்கு என்ற கேள்வியாகப் படித்தோம். ஒன்றரை வருடம் கழித்து நிர்வாக வகுப்பில் அதே வழக்கு வந்தது. அங்கே கேட்ட கேள்வி வேறு: அந்த விரல்களைத் தினமும் பார்த்த நர்ஸ், மருத்துவர் கவனிக்கவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்? சொல்வதற்கு ஒரு வழி இருந்ததா? சொன்னால் அவர் வேலைக்கு என்ன ஆகும்? சட்டப் பள்ளியில் மூன்று பக்கக் குறிப்பு எடுத்திருந்தேன், அதில் நர்ஸ் ஒரே வரியில் வந்துபோயிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு பட்டமும் ஒரே ஆள் படிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வழக்கைத்தான் சொல்வேன்.

மூன்றாம் வருடம் சாட்சியச் சட்ட வகுப்பு. கூட்டாட்சி சாட்சிய விதி 407. ஒரு விபத்துக்குப் பிறகு அது மறுபடி நடக்காமல் இருக்கச் செய்த திருத்தத்தை, நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்கள் என்று நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. வேறு காரணத்துக்குக் கொண்டுவரலாம். உதாரணமாக, அப்படித் திருத்தவே முடியாது என்று நீங்கள் வாதாடினால் அதை மறுக்கக் கொண்டுவரலாம். ஆனால் அடிப்படை விதி இதுதான். காரணமும் தெளிவு: சரிசெய்கிறவனைச் சட்டம் தண்டித்தால் யாரும் சரிசெய்ய மாட்டார்கள். அன்று எனக்கு அந்த இரண்டு மருந்துப் பெட்டிகள்தான் நினைவுக்கு வந்தன. அவற்றை அன்றே நகர்த்தியிருக்கலாம். எதை எங்கே எழுதுவது என்பதில் வக்கீலுக்கு இருந்த கவலை நியாயமானது. எதையும் தொடாதே என்ற பயம் தேவையே இல்லாதது. இதைச் சொல்ல அந்த அறையில் யாருக்கும் இரண்டு பக்கமும் தெரிந்திருக்கவில்லை.

கசப்பான பகுதியும் உண்டு. இரண்டாம் வருடம் ஒரு பாடத்தை எடுக்கும்போது, அது இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் வரும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். நான்காம் வருடத் தொடக்கத்தில் சட்டப் பள்ளி அலுவலகம் வராது என்றது. மூன்று கிரெடிட் குறைந்தது. கடைசி இரண்டு செமஸ்டரிலும் அளவுக்கு மீறிய சுமை. இரண்டு அலுவலகங்களும் நல்லவர்கள்தான், ஆனால் ஒருவர் விதி இன்னொருவருக்குத் தெரியாது. எந்தப் பாடம் எங்கே கணக்கில் வரும் என்பதை முதல் செமஸ்டரிலேயே எழுத்தில், இரண்டு பக்கத்தின் கையெழுத்தோடும் வாங்கிவிடுங்கள்.

கடைசி செமஸ்டரின் நடுவில் கோவிட் வந்தது. வகுப்புகள் கணினிக்குப் போயின. வக்கீல் உரிமத்துக்காக ஜூலையில் எழுத வேண்டிய பார் தேர்வைப் பல மாநிலங்கள் தள்ளிவைத்தன, நான் அக்டோபரில் எழுதினேன். ஆனால் அதற்கு முன்பே வேலை கிடைத்திருந்தது, அதற்கும் கோவிட்தான் காரணம். 2020 மார்ச்சில் மெடிகேர் விதிகள் பலவும் தற்காலிகமாகத் தளர்ந்தன. சாதாரண வீடியோ அழைப்பில் நோயாளியைப் பார்த்தாலும் நோயாளி தகவலின் ரகசியம் காக்கும் ஹிப்பா சட்டப்படி அபராதம் போட மாட்டோம் என்று சுகாதாரத் துறை அறிவித்தது. எந்தத் தளர்வு எதற்கு, எதுவரைக்கும் என்று படித்து, மறுநாள் காலையில் ஒரு பிரிவை அதன்படி நடத்திக் காட்ட ஆள் தேவைப்பட்டது. 2023 மே 11-இல் அவசரநிலை முடிந்தபோது, முடிவுக்கு வந்த தளர்வுகளைப் பழைய விதிக்குத் திருப்பியதும் எங்கள் பிரிவுதான். அந்த வீடியோ அழைப்புச் சலுகைக்கு மேலும் 90 நாள் அவகாசம் தந்தார்கள்.

இப்போது என் நாள் எப்படிப் போகிறது? பாதி நேரம் மருத்துவர் ஒப்பந்தங்கள். நோயாளியை அனுப்புவதற்குப் பணமோ பலனோ கைமாறக் கூடாது என்கிறது ஆன்டி கிக்பேக் சட்டம். அங்கே நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். ஸ்டார்க் சட்டத்தில் நோக்கமே தேவையில்லை. மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் பணத் தொடர்பு இருந்து, விதிவிலக்குக்குள் அது சரியாக அடங்காமல், அவர் மெடிகேர் நோயாளிகளை அங்கே அனுப்பினால், நல்ல எண்ணத்தோடு செய்திருந்தாலும் மீறல்தான். கையெழுத்து விட்டுப்போன ஒப்பந்தம்கூடத் தலைவலியாகிவிடும். அப்புறம் எம்டாலா. அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்கிற 1986-ஆம் வருடச் சட்டம். இந்தச் சட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது காகிதத்தில் இருந்தால் போதாது, பதிவு மேசையில் இருப்பவர் காப்பீட்டு அட்டையை எந்த நேரத்தில் கேட்கிறார் என்பதில்தான் அது வாழ்கிறது.

ஒரு விஷயம் படிக்கும்போது யாரும் சொல்லவில்லை. இரண்டு பட்டம் இருந்தாலும் உட்காரும் நாற்காலி ஒன்றுதான். மருத்துவமனையின் காம்ப்ளையன்ஸ் அதிகாரி சட்டப் பிரிவுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று கூட்டாட்சி சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 2023 வழிகாட்டுதலில் சொல்கிறது. நான் வக்கீல் உரிமம் வைத்திருந்தாலும், காம்ப்ளையன்ஸ் வேலையில் எழுதும் மின்னஞ்சலுக்கு வக்கீல் - கட்சிக்காரர் ரகசியப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. பக்கத்து அறை மேனேஜர் "நீங்களும் வக்கீல்தானே, சொல்லுங்களேன்" என்று கேட்கும்போது, இல்லை, இதற்குச் சட்டப் பிரிவைக் கேளுங்கள் என்று சொல்லப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

பணம். வேலை விளம்பரங்களில் இரண்டு பட்டமும் வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. சம்பளமும் இரண்டு மடங்காகாது. லாப நோக்கமில்லாத மருத்துவமனையில் முழுநேர வேலை என்பதால், 120 மாதத் தவணை கட்டியபின் கூட்டாட்சிக் கடனின் மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தில் இருக்கிறேன். புதிதாகச் சேருபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு கிராட் பிளஸ் என்கிற கூட்டாட்சிக் கல்விக் கடன் கிடையாது. சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மற்ற முதுநிலைப் படிப்புக்கு 20,500 டாலர் என்று உச்சவரம்பு. சேர்த்துப் படிக்கும் நான்கு வருடத்தில் எந்த வருடம் எந்த வரம்பில் வரும் என்று கல்லூரியின் கடன் உதவி அலுவலகத்தில் கேட்டு, அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

போன மாதம் தெரிந்த பெண் ஒருத்தி அழைத்து, "அக்கா, நான் எல்சாட்டுக்குப் படிக்க ஆரம்பிக்கட்டுமா?" என்றாள். நீதிமன்றத்தில் வாதாட ஆசையா என்று கேட்டேன், இல்லை என்றாள். மருத்துவமனையை நடத்த ஆசையா என்றேன், தெரியவில்லை என்றாள். எல்சாட் இருக்கட்டும், முதலில் ஒரு வருடம் ஏதாவது மருத்துவமனையில் வேலை பார், அங்கே வக்கீலும் நர்ஸும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் போகும் ஒரு நாள் நிச்சயம் வரும், அன்று உனக்கு யார் பக்கம் போகத் தோன்றுகிறது என்று பார்த்துவிட்டு அழை என்றேன். இரண்டு பேரிடமும் போகத் தோன்றினால் என்ன செய்வது என்று கேட்டாள். அப்படியானால் விண்ணப்பம் எழுத நானே உட்கார்ந்து உதவுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.