கேடென்லைவா, ஷொட்கட்டா? சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் தெரியும்

எங்கள் குழுவின் குறும்படங்களை இப்போது கேடென்லைவ் என்ற இலவச வீடியோ எடிட்டிங் மென்பொருளில்தான் வெட்டுகிறோம். யாழ்ப்பாணத்தில் புதிதாகப் படமெடுக்க வரும் பெடியள் "எதைப் போடலாம் அண்ணா?" என்று கேட்டால் நான் சொல்வதும் அதுதான். டாவின்சி ரிசோல்வைப் பற்றியும் கேட்பார்கள். நிறத் திருத்தத்தில் அது கெட்டிக்காரன். ஆனால் அது இலவசமே தவிர திறந்த மூலமல்ல, அதாவது அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்காது. நல்ல கிராபிக்ஸ் கார்ட்டும் கேட்கும். எங்களில் பலரிடம் இருப்பது எட்டு ஜிபி ரேம் லப்டொப். அதனால் போட்டி திறந்த மூல மென்பொருள்களான கேடென்லைவுக்கும் ஷொட்கட்டுக்கும் இடையில்தான்.

இரண்டும் உள்ளே எம்.எல்.டி. என்ற ஒரே எந்திரத்தில் ஓடுபவை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் கிடைக்கும். போனில் எடுத்த 4கே வீடியோ திணறினால் இரண்டிலும் ப்ராக்ஸி, அதாவது தரம் குறைந்த தற்காலிகப் பிரதி, போட்டு இலேசாக வெட்டலாம். பழக எளிது ஷொட்கட்தான். நாலு கிளிப்பை ஒட்டிப் பாட்டுச் சேர்த்து யூடியூப்பில் போட அதுவே தாராளம்.

பிரிகிற இடம் சப்டைட்டில். நம்மூர்ப் படத்துக்கு இது மேலதிக வேலை இல்லை, பாதி வேலை. கொழும்பில் காட்டச் சிங்களம் வேண்டும், விழாவுக்கு அனுப்ப ஆங்கிலம் வேண்டும், யாழ்ப்பாணப் பேச்சு பிடிபடாத தமிழகத்தாருக்கு எழுத்துத் தமிழும் வேண்டும். கேடென்லைவில் 2020 கடைசியில் வந்த பதிப்பிலிருந்தே சப்டைட்டிலுக்குத் தனித் தடம் உண்டு. அது டைம்லைனில் கிளிப்புகளுக்கு மேலேயே கிடக்கும். வசனத்தை அதில் எழுதி, இரு முனையையும் இழுத்து உதட்டசைவோடு பொருத்தலாம். நடுவில் ஒரு காட்சியைக் கொஞ்சம் நீட்டினால், இடைவெளி விடும் கருவியால் பின்னால் உள்ள கிளிப்புகளைத் தள்ளும்போது எழுத்தும் கூடவே நகரும். முதல் வெட்டு, இரண்டாம் வெட்டு என்று மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! இப்போதைய பதிப்புகளில் மூன்று மொழியையும் ஒரே திட்டக் கோப்பில் தனித்தனியாக வைத்து, வேண்டியதை எஸ்.ஆர்.டி. என்ற சப்டைட்டில் கோப்பாக வெளியே எடுக்கலாம். எழுத்தில்லாத பிரதி வேண்டுமா, தடத்தை மறைத்துவிட்டு ரெண்டர் செய்தால் சரி.

ஷொட்கட்டிலும் 2024இல் சப்டைட்டில் வசதி வந்துவிட்டது. ஆனால் அதற்குத் தனிப் பலகம். படத்தின் மேல் எழுத்தைப் பதிக்கத் தனி ஃபில்டர். அதில் ஒரு முழுப் படத்துக்குச் சப்டைட்டில் போட்ட அனுபவம் எனக்கில்லை, சின்னத் துண்டுகளுக்குத்தான் போட்டிருக்கிறேன்.

தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் குறையில்லை. 'கொ', 'கௌ' எல்லாம் கொம்பு இடம் மாறாமல் நிற்கும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு. இங்கே கலியாண வீடியோ எடிட் செய்பவர்களிடம் அந்த எழுத்துரு இன்னும் ஓடுகிறது. திரையில் அழகாகத்தான் தெரியும். எழுத்துருவை எடுத்துவிட்டால் 'அம்மா' என்று எழுதியது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். அதைச் சப்டைட்டில் கோப்பாக யூடியூப்பில் ஏற்ற முடியாது, தேடினாலும் கிடைக்காது. தயவுசெய்து தொடக்கத்திலேயே யூனிகோடில் எழுதுங்கள்.

பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் விஸ்பரையும் 2023 முதல் கேடென்லைவில் இணைக்கலாம். எங்கள் பேச்சுத் தமிழில் ஒரு சிறு காட்சிக்குத்தான் விட்டுப் பார்த்தேன், நிறையத் திருத்த வேண்டியிருந்தது. நீண்ட உரையாடலுக்கு அதை நம்பலாமா என்று இப்போதைக்கு அடித்துச் சொல்ல மாட்டேன்.

கேடென்லைவின் குறையும் சொல்ல வேண்டும்: எஃபெக்ட் கூடினால் சிலவேளை சட்டென்று மூடிக்கொள்ளும். திரும்பத் திறக்கும்போது மீட்கவா என்று கேட்கும். பெரும்பாலும் வேலை போகாது. கரண்ட் போனாலும் அதே கதைதான். ஆனாலும் அடிக்கடி சேமிக்கிற பழக்கம் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் போஸ்டர். தலைப்பெழுத்துப் போட, போட்டோ வெட்ட, கிம்ப் என்ற இலவசப் பட எடிட்டர் போதும். 2025இல் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டரைப் போட்ட பிறகும் அளவை மாற்றலாம், அதற்காகவே புதிய பதிப்பைப் போடுங்கள். அச்சகம் சி.எம்.வை.கே. என்ற அச்சு நிற முறையில் கோப்புக் கேட்டால் மட்டும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள். அந்த நிற முறையிலேயே அதில் நேரடியாக வேலை செய்யலாம், கிம்பில் அது முடியாது.