வடக்கே ஒரு வெளிச்சம்: துருவ ஒளியா, ராக்கெட்டா?

காசிமேட்டில் கேமராவும் கையுமாகத் திரிகிறவனிடம் எல்லாரும் கேட்பது: "இன்னா நைனா, அந்தப் பச்சை வெளிச்சம் நம்மாண்ட தெரியுமா?" கேட்பது துருவ ஒளியை, அதாவது துருவத்தை ஒட்டிய வானில் திரைபோல் ஆடும் அரோராவை. தெரியாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கில்தான் இருக்கிறோம். 2024 மே 10 இரவுச் சூரியப் புயலில்கூட இந்தியாவில் லடாக்கின் ஹான்லே வரைதான் கேமராவில் சிக்கியது, அதுவும் சிவப்பாக. பச்சை சுமார் 100 கி.மீ. உயரத்தில் எரிகிறது, சிவப்பு 200 கி.மீ.க்கும் மேலே. தூரத்தில் இருப்பவனுக்கு அந்தச் சிவப்பு மேல்மாடி மட்டுமே தெரியும். நம் வானத்தில் சில ராத்திரி சிவப்பாகத் தெரிவது மணலி ஆலையின் தீக்கொழுந்து.

ஆனால் வடக்கே முகம் வைத்துக் காத்திருக்க நமக்கும் ஒன்று உண்டு. ராயபுரத்திலிருந்து நேர்வடக்கே ஏறத்தாழ 70 கி.மீ.யில் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளம்.

காத்திருப்பில்தான் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். நார்வேயின் டிரோம்சோவில் ஒளி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்து நின்றுவிட்டால் நூறு படம் எடுக்கலாம், தப்பைத் திருத்தலாம். ராக்கெட்டுக்கு நேரம் குறித்தாகிவிடும். பிஎஸ்எல்வி-சி60, 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்குக் கிளம்பியது. கிடைப்பது ஒரே ஒரு படம். மேகம் மறைத்தால் போச்சு, ஏவுதல் தள்ளிப்போனாலும் போச்சு. பகலில் ஏவினால், ராக்கெட்டின் தீ இருட்டில் வளைகோடாக விழும் இந்தக் கோட்டுப் படமே கிடையாது.

கேமராவைத் திருகுவதும் நேர்மாறு. துருவ ஒளி மங்கல்: அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் குறைந்தால் பெரிது) 2.8, ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 1600க்கு மேல், ஷட்டர் 5 முதல் 15 நொடி. ஒளி வேகமாக ஆடினால் நேரத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒளித்திரை கரைந்து பச்சைக் கஞ்சி. ராக்கெட்டோ கண்ணைக் கூசும் தீ: ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் 11 அல்லது 16, ஷட்டரை இரண்டு மூன்று நிமிடம் திறந்தே வைத்தால் ஒரே வளைகோடு. மொபைலின் நைட் மோடு அரோராவுக்கு ஓரளவு ஒப்பேற்றும், இந்தக் கோட்டுக்கு உதவாது.

இடம்? மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியும் எண்ணூர் வெளிச்சமும் குறுக்கே நிற்கும். நான் பழவேற்காட்டையே சொல்வேன். தூரம் பாதி, வடக்கே ஏரியின் இருட்டு, தீ மேலேறி ஒன்றரை நிமிடம் கழித்து உறுமல் காதுக்கு வரும். உப்புக்காற்று லென்ஸில் படியும், துடைக்கத் துணி வேண்டும்.

இன்னொன்று, ராக்கெட் போனதும் ட்ரைபாடை நகர்த்தாதீர்கள். துருவ நட்சத்திரம் அங்கே 13 பாகை உயரத்தில், அதே படச்சட்டத்துக்குள் நிற்கும். 25 நொடிப் படங்களாக ஒரு மணிநேரம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அதைச் சுற்றி நட்சத்திர வளையம். டிரோம்சோவில் அது கிட்டத்தட்ட 70 பாகையில், கழுத்து ஒடிய அண்ணாந்து பார்க்க வேண்டும்.

டிரோம்சோவுக்கு என்று உண்டியலில் சேர்த்த காசில்தான் ட்ரைபாட் வாங்கினேன். ஆசை போகவில்லை, உண்டியல்தான் காலி.