பிளம்பருக்கு நாள் கூலியா, பாயின்ட் கணக்கா, மொத்தக் காண்ட்ராக்டா?

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் வீடு கட்டிய என் மச்சான், பாத்ரூம் ஒன்றுக்கு 7 பாயின்ட் என்று மனக்கணக்குப் போட்டிருந்தார். பாயின்ட் என்பது குழாய் இணைக்கும் ஒவ்வொரு வாய்; ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். பிளம்பர் அண்ணாச்சி நீட்டிய சீட்டில் 11 இருந்தது. இரண்டு பேர் சொன்னதும் பொய்யில்லை. கீசருக்குத் தண்ணீர் போக ஒன்று, சூடாகி வர ஒன்று என அண்ணாச்சி 2 எழுதியிருந்தார். தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் டைவர்ட்டருக்கு வெந்நீர், பச்சைத்தண்ணீர், ஷவர், கீழ்க்குழாய் என்று 4. மச்சானோ கீசர் ஒன்று, டைவர்ட்டர் ஒன்று என்று முடித்துவிட்டார்.

பாயின்ட் கணக்கில் சண்டை வருவது ரேட்டில் அல்ல, இப்படி எண்ணுவதில்தான். கழிவுநீர்க் குழாய் அதில் சேருமா? சுவர் வெட்டுவதும் பூசி மூடுவதும் யார் பொறுப்பு? டைல்ஸ் ஒட்டி மாதக்கணக்கில் ஆனபிறகு குழாய், வாஷ்பேசின் மாட்ட வருவார்களே, அந்தக் கூலி இதிலேயே அடக்கமா? இதையெல்லாம் முதலிலேயே பேசிவிட்டால், புது வீட்டுக்கு என் ஓட்டு பாயின்ட் கணக்குக்குத்தான். வேலை இழுத்தாலும் நம் பணம் இழுபடாது.

நாள் கூலி ரிப்பேருக்குச் சரி. கூலி ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாஷர் மாற்ற இருபது நிமிடம் போதும். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவருக்கு அரை நாள் கூலியாவது கொடுக்கத்தான் வேண்டும். அதனால் ஒழுகும் குழாய், அடைத்த சிங்க், ஓடிக்கொண்டே இருக்கும் ஃப்ளஷ் டேங்க் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து ஒரே நாளில் கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். சாமான் பட்டியலை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். குழாயை வளைத்து இணைக்கும் எல்போ ஒன்று குறைந்தால் வண்ணார்பேட்டை வரை போய்வரும் நேரமும் கூலிதான். சுவருக்குள் கசிவு என்றால் கதை வேறு. டைல்ஸ் உடைக்க, கொத்தனார் வந்து பூச, அதே நிற டைல்ஸ் தேட என்று ஆகும் செலவில் பிளம்பர் கூலி சின்னத் தொகையாகிவிடும்.

சாமானோடு மொத்தமாகப் பேசுவது வெளியூரில் இருப்பவர்களுக்கு வசதி. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. தொகையை முதலில் பேசிவிட்டால், மிச்சம் பிடிக்கும் இடம் பைப்தான். வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி பைப்பில் எஸ்டிஆர் 11 என்றும் 13.5 என்றும் அச்சிட்டிருப்பார்கள். பைப்பின் விட்டம் அதன் சுவர்க் கனத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் எஸ்டிஆர். எண் சிறியதுதான் கனம் கூடியது. வெந்நீர் லைனில் விலை குறைவு என்று, சூடு தாங்காத யுபிவிசி பைப்பைப் போட்டாலும் பூச்சுக்குள் போனபின் யாருக்குத் தெரியும்? கம்பெனி பெயர், எஸ்டிஆர் எண், 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கமா என்பது மூன்றும் எழுத்தில் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எந்த வழியில் போனாலும் டைல்ஸ் ஒட்டுமுன் பிரஷர் டெஸ்ட் உண்டு. எல்லா வாயையும் அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, ராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் மீட்டர் முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. கடைசித் தவணையை அதுவரை கையில் வைத்திருங்கள்.

மச்சானும் அண்ணாச்சியும் 9-க்கு ஒத்துக்கொண்டார்கள். மாடி பாத்ரூம் வேலையைத் தொடங்குமுன் இருவரும் சாக்பீஸோடு போய் சுவரில் எண் போட்டார்கள். அங்கே 10 வந்தது.