தெலுக் பஹாங் ஜெட்டி: மீன் தெரியும், மழை தெரியாது

பினாங்கில் தூண்டில் போட எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்குத் தெலுக் பஹாங் மீனவர் ஜெட்டியைத் தயங்காமல் சொல்லலாம். ஜார்ஜ் டவுன் பெங்காலான் வெல்டில் 101ஆம் எண் பஸ் ஏறினால், பத்து ஃபெரிங்கியைத் தாண்டிக் கடைசியாக வரும் ஊர் இது. தேசியப் பூங்கா வாசலில் சுற்றுலாப் படகு ஏறும் ஜெட்டி வேறு. இங்கே சொல்வது மீனவர் படகுகள் கட்டும் நீளமான சிமெண்டு ஜெட்டியைப் பற்றி.

முதலில் தண்ணீர். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்து ஏற்ற இறக்கம் சுமார் 2 மீட்டர் வரை போகும். கரைப்பக்கம் ஆழம் குறைவு. வற்றும் நேரத்தில் அங்கே நின்றால் சேறும் கல்லும்தான் தூண்டிலில் மாட்டும், முனைக்குத்தான் நடக்க வேண்டும். ஏற்றம் பாதி ஆனதிலிருந்து உச்சம் தொட்டுத் திரும்பும் முதல் ஒரு மணி நேரம் வரைதான் நல்ல பொழுது. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் மந்தமாக இருக்கும். அப்போது கெளுத்தியும் குலாமா என்னும் கத்தாழை மீனும் கிடைக்கும். கொடுவாவை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கொடுவா இருப்பது தூரத்தில் இல்லை, காலடியில். தூண்களின் நிழலில் ஒதுங்கி, ஓட்டம் கொண்டுவரும் சிறு மீனுக்காகக் காத்திருக்கும். புதிதாக வருபவர்கள் முழு பலத்தோடு வெளிக்கடலுக்கு வீசிவிட்டு, இந்த மீனைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உயிர் இறாலைக் கொம்புக்குக் கீழே, கறுப்பாகத் தெரியும் மூளையைத் தொடாமல் கோர்த்து, தூணுக்கு ஒரு கை தூரத்தில் இறக்கினால் போதும். கெளுத்திக்கும் குலாமாவுக்கும் பும்புன் என்னும் கடற்புழு இரை.

தூணெல்லாம் கொட்டலசு அப்பியிருக்கும், கத்தி மாதிரி. மீன் ஒரு சுற்று சுற்றினாலே மெல்லிய நூல் அறுந்துவிடும். அதனால் 20 முதல் 30 பவுண்டு பிரெய்டட் (பின்னல்) நூலுக்கு முன்னால் 40 பவுண்டு பெரம்புட், அதாவது முள்ளோடு சேரும் தடித்த முன்நூல், ஒரு மீட்டராவது வேண்டும். 7 அடிக் கோல், 4000 அளவு ரீல், ஓட்டத்துக்கேற்ப 2 அல்லது 3 அவுன்ஸ் ஈயம். ஈயத்தை மட்டும் மெல்லிய நூலில் கட்டுங்கள். கல்லில் சிக்கினால் ஈயத்தோடு போகும், முள்ளும் கிலி-கிலியும் (நூல் முறுக்காமல் சுழலும் இணைப்பு) மிஞ்சும். தூக்கு வலையை மறக்கவே கூடாது. நீர் வற்றிய நேரத்தில் மேடைக்கும் தண்ணீருக்கும் இடைவெளி அதிகம். 2 கிலோ மீனைக் கோலாலேயே தூக்கப் பார்த்தால் நுனி முறியும், இல்லையென்றால் முள் கழன்றுவிடும். வளைய வலையில் 10 மீட்டர் கயிறு கட்டி வைத்திருங்கள்.

இனி வானம். இந்த ஜெட்டியின் பெரிய குறை அதுதான். குடா வடக்கே திறந்திருக்கிறது, மேற்கே முகா ஹெட் மலை நிற்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமாத்ரா பக்கம் திரளும் இடிமழை, இரவோடு இரவாக மலாக்கா நீரிணையைக் கடந்து வருவது அந்த மேற்கிலிருந்துதான். பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ அடிக்கும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். பாலிக் புலாவ் பக்கத்துத் திறந்த கரையில் என்றால் கருமேகம் கடல்மேல் எழும்போதே கண்ணில் படும். இங்கே அது மலைமுகட்டைத் தாண்டிய பிறகுதான் தெரியும். தெரிந்து சில நிமிடங்களில் தலைக்கு மேல் நிற்கும். மலை காற்றை மறைக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள்தான் நனைகிறார்கள்.

ஆகவே மலையைப் பார்க்காதீர்கள், படகுகளைப் பாருங்கள். கட்டியிருக்கும் படகுகள் சாதாரணமாக ஓட்டத்துக்கு எதிரே மூக்கை நீட்டி நிற்கும். ஓட்டம் மாறாத நேரத்தில் அவை எல்லாம் ஒருசேர மூக்கைத் திருப்பி, கூடவே மலையிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கினால், அப்போதே சுருட்டிவிட வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவென்றால், அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. கார்பன் கோல் மின்சாரம் கடத்தும், ஜெட்டியில் உயர்ந்து நிற்பதும் அதுதான். நூலை அறுத்தாவது கோலைக் கீழே வையுங்கள். சுவரில்லாத கொட்டகை மின்னலுக்குக் காப்பு ஆகாது. கரைக்குப் போய் மூடிய கடைக்குள்ளோ காருக்குள்ளோ இருந்து, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத் திரும்புங்கள். முனையிலிருந்து கரைக்கு நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று வந்த உடனே கணக்கெடுத்துக் கொள்வது நல்லது. வீட்டை விட்டுக் கிளம்புமுன் மலேசிய வானிலைத் துறையின் மைகுவாச்சா (myCuaca) செயலியில் ரேடார் படத்தைப் பாருங்கள். மலை மறைப்பதை அது காட்டும். பத்து ஃபெரிங்கி சாலை குறுகலும் வளைவுமானது, பலத்த காற்றில் மரம் விழுந்தால் வரிசை நகராது. திரும்பும்போது மழை அடித்து ஓயும்வரை தெலுக் பஹாங்கிலேயே இருந்து புறப்படுவது மேல்.

இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று பினாங்கில் 52 பேரைக் கொண்டுபோன அலை, வானம் தெளிவாக இருந்த மதியத்தில்தான் வந்தது. ஏற்ற இறக்க அட்டவணைக்குப் பொருந்தாமல் தண்ணீர் உள்வாங்கினால், மீனையும் பையையும் விட்டுவிட்டு மேட்டுப்பக்கம் ஓடுங்கள்.

இது முதலில் மீனவர்கள் வேலை செய்யும் இடம். காலையில் மீன் இறக்கும் படிகளையும் தள்ளுவண்டி வழியையும் மறிக்காதீர்கள். படகு வரும் தடத்துக்குக் குறுக்கே நூல் போடாதீர்கள், விசிறியில் சுற்றினால் நஷ்டம் அவர்களுக்கு. செத்த கெளுத்தியை மேடையில் விட்டுப் போவது மிகக் கெட்ட பழக்கம். அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் காய்ந்த பிறகும் செருப்பைத் துளைக்கும். குத்திவிட்டால் காயத்தைக் கை பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் வைத்திருக்க வேண்டும்; விஷம் சூட்டில் முறியும். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவமனைதான். ஒரு பிளாஸ்க் வெந்நீரும் ஒரு குறடும் பையில் எப்போதும் இருக்கட்டும்.