திகதி கேட்டுச் சாமான் ஏற்றும் லொறிக்காரர்கள்

மட்டக்களப்பு டவுனில் விளையாட்டுப் பொருட்கள் விற்கிறேன். பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம்தான் எங்கள் கடைக்கு உயிர். மழைக்காக வேண்டுமானால் போட்டியைத் தள்ளிவைப்பார்கள், என் பார்சல் வரவில்லை என்று யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள். அதனால் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து சாமான் கொண்டுவரும் இந்தச் சிறிய லொறி சேவையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

மற்ற இடங்களில் எடை கேட்பார்கள், விலாசம் கேட்பார்கள். இவர்கள் முதலில் கேட்பது "போட்டி எப்போது?" என்றுதான். அந்தத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் எதை எப்போது ஏற்றுவது என்று முடிவு செய்கிறார்கள். போட்டியில் எறியும் குண்டு, தட்டு, தடைதாண்டல் சட்டங்கள் எல்லாம் இடம் கிடைக்கிற லொறியில் முன்கூட்டியே குறைந்த கூலிக்கு வந்துவிடும். இல்லத்தின் பெயர் அச்சடித்த டீசேர்ட், பெயர் பொறித்த கிண்ணம் இரண்டும்தான் கடைசி நேரச் சாமான். அவற்றுக்கு மட்டும் இரவு லொறியில் இடம் ஒதுக்கி வைப்பார்கள்.

ஃபோர்மியுலா 1 பந்தய அணிகளும் இப்படித்தான் செய்கின்றன. ஐரோப்பாவுக்கு வெளியே நடக்கும் பந்தயங்களுக்குக் கராஜ் தடுப்பு, மேசை, சமையல் சாமான் போன்றவற்றை ஒரே மாதிரிப் பல செட் வைத்துக்கொண்டு கப்பலில் முன்னதாகவே அனுப்பிவிடுவார்கள். காரும் முக்கியமான கருவிகளும் விமானத்தில் போகும். கடைக்காரர்களாகிய நாங்களோ வழமையாக ஆணி முதல் கிண்ணம் வரை எல்லாவற்றுக்கும் "அவசரம்" என்று சொல்லி, லாபத்தைக் கூலியாகக் கொடுத்துவிடுகிறோம்.

மாரியில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் பொலன்னறுவை வழியாக வர முடியாது. அப்போது மகியங்கனை, மகாஓயா, செங்கலடி என்று சுற்றி வருவார்கள். கூலி கூடும் என்பதைப் புறப்படும் முன்பே கோல் எடுத்துச் சொல்லிவிடுவார்கள், அந்த நேர்மை எனக்குப் பெரிது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது அந்த நகரத்தின் போக்குவரத்து நிர்வாகமும் வியாபாரிகளிடம் நான்கு விஷயங்களைக் கேட்டது: வாகன ஓட்டத்தைக் குறையுங்கள், நேரத்தை மாற்றுங்கள், பாதையை மாற்றுங்கள், வாகன வகையை மாற்றுங்கள். வீதி மூடிய பிறகு சொல்லவில்லை, போட்டிக்கு வெகு முன்பே சொன்னார்கள். இரவில் சாமான் இறக்குவதற்குக் கடைகள் ஆயத்தமாக அந்த அவகாசம் உதவியது.

சரி, குறைக்கு வருகிறேன். அளவு பிழைத்த டீசேர்ட்டைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பக் கொடுத்தால் அவர்களுடைய ஸ்டோரிலேயே கிடக்கும், நாம் கேட்டால்தான் நகரும். கட்டாரில் 2022 உலகக் கிண்ணத்துக்கு 974 கொள்கலன்களைக் கொண்டு ஒரு மைதானம் கட்டினார்கள். போட்டி முடிந்ததும் எப்படிக் கழற்றுவது என்பதையும் கட்டும்போதே யோசித்திருந்தார்கள். கொண்டுவருவதில் இவ்வளவு கவனம் உள்ளவர்கள், திரும்பிப் போகும் சாமானுக்கும் ஒரு நாள் குறித்தால் என்ன? அப்புறம், கிண்ணப் பெட்டியைக் குண்டு மூட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

கூலி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட. போட்டிக் காலத்தில் நான் இவர்களைத்தான் பிடிப்பேன். திகதி நெருக்காத மற்றச் சரக்குக்கு மலிவான லொறியே போதும்.